ஒரு மணி நேர விளையாட்டுக்கு என்ன விலை?

இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து "விடை 25" என்று சொன்னால், ஆசிரியர் உடனே "இருபத்தைந்து என்ன? மீட்டரா, கிலோகிராமா, வினாடியா?" என்று கேட்பார். அலகு இல்லாத எண்ணுக்கு எங்கள் பாடத்தில் மதிப்பெண் கிடையாது. செய்தித்தாளில் 'விளையாட்டுக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு' என்று படிக்கும்போது நீங்களும் இதே கேள்வியைக் கேட்கலாம். அந்தப் பணத்துக்கு எதை வாங்கினார்கள்? வாங்கியதை எந்த அலகால் அளப்பது?

பதக்கங்களை எண்ணலாம் என்பார்கள் சிலர். அரங்கில் எத்தனை இருக்கைகள் என்று எண்ணலாம் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் அளவைகள்தாம். ஆனால் பள்ளி அணியில் இடம் கிடைக்காத ஒரு மாணவரோ மாணவியோ இந்த இரண்டு கணக்கிலும் வருவதில்லை. நூறு பேர் படிக்கும் இடத்தில் அணிக்குப் பதினொருவர் போனால், மீதி எண்பத்தொன்பது பேர் எந்தக் கணக்கில் வருவார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரு குளிர்ந்த தேசம் சொல்லும் விடை சுவையானது. அந்தத் தேசம் ஐஸ்லாந்து.

மூன்றேகால் லட்சம் பேர்

வட அட்லாண்டிக் பெருங்கடலில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருக்கிறது இந்தத் தீவு நாடு. பரப்பு ஏறக்குறைய 1,03,000 சதுர கிலோமீட்டர். 2016-இல் அதன் மக்கள்தொகை சுமார் 3,32,000. அந்த ஆண்டு ஜூன் 27 அன்று, பிரான்சிலுள்ள நீஸ் நகரில், ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் ஐஸ்லாந்து அணி இங்கிலாந்தை 2-1 என்று வென்று கால் இறுதிக்குப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018-இல், உலகக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அதுவரை தகுதி பெற்ற நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது அதுதான். (2025 நவம்பரில் கரீபியன் தீவான குரசாவ் தகுதி பெற்று அந்தப் பெயரைத் தட்டிச் சென்றது.)

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 3,32,000 பேரில் ஆண்கள் பாதி; 1,66,000. அவர்களில் 20 முதல் 34 வயது வரை உள்ளவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், சுமார் 33,000 பேர். ஒரு பெரிய அரங்கம்கூட நிறையாது! இங்கிலாந்தின் மக்கள்தொகை ஐஸ்லாந்தைப் போல் ஏறக்குறைய 165 மடங்கு. இயற்கை திறமையை எல்லா மக்களுக்கும் ஒரே வீதத்தில் வழங்குகிறது என்று கொண்டால், இங்கே ஒரு திறமையாளர் பிறக்கும்போது அங்கே 165 பேர் பிறக்கிறார்கள். ஆனால் ஆடுகளத்தில் இரு பக்கமும் நிற்பது பதினொருவர் மட்டுமே. பெரிய நாடு தன் திறமையாளர்களில் பாதியைக் கவனிக்காமல் விட்டாலும் பிழைத்துக் கொள்ளும். சிறிய நாடு அப்படி விட முடியாது. எல்லாக் குழந்தைகளும் விளையாடினால்தான் அந்த ஒருவர் யார் என்றே அதற்குத் தெரியும்.

எல்லாக் குழந்தைகளும் எங்கே விளையாடுவது? ஐஸ்லாந்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

காற்றோடு ஒரு சண்டை

தலைநகர் ரெய்க்யாவிக் 64 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் அங்கே பகல் வெளிச்சம் நான்கு மணி நேரந்தான். காலை பதினொரு மணிக்கு மேல் சூரியன் தலை காட்டும். மாலை மூன்றரை மணிக்கு மறைந்து விடும். பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் வெளியே வரும்போது இருட்டு. வளைகுடா நீரோட்டம் வெப்பத்தைக் கொண்டு வருவதால் குளிர் நாம் நினைக்கும் அளவுக்குக் கடுமையாக இராது. ஜனவரியில் சராசரி வெப்பநிலை சுழி டிகிரியை ஒட்டியே இருக்கும். உண்மையான எதிரி காற்று.

காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது தரும் அழுத்தத்தை, அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். குளிர்க் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.25 கிலோகிராம். காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசினால், அழுத்தம் 0.5 × 1.25 × 400 = 250 பாஸ்கல். ஒரு கால்பந்தின் குறுக்குப் பரப்பையும் அதன் வடிவத்தையும் கணக்கில் சேர்த்தால், பந்தின்மீது பக்கவாட்டில் ஏறக்குறைய 2 நியூட்டன் விசை செயல்படும். பந்தின் எடையே சுமார் 4 நியூட்டன்தான். தன் எடையில் பாதி அளவு விசை பக்கத்திலிருந்து தள்ளிக் கொண்டே இருந்தால், எந்தப் பந்து சொன்ன இடத்துக்குப் போகும்? இத்தகைய நாளில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பந்தைத் துல்லியமாகக் கடத்தக் கற்றுக் கொள்வது எப்படி?

முன்பெல்லாம் ஐஸ்லாந்தில் கால்பந்து கோடை விளையாட்டாகவே இருந்தது. குளிர்காலத்தில் சரளைக் கல் பரப்பிய திடல்களில் பயிற்சி நடக்கும். ஆண்டில் சில மாதங்கள் ஒழுங்காக விளையாட்டு. மீதி மாதங்கள் மழை, காற்று, இருட்டு.

கூரை யாருக்கு?

ஒரு நாடு விளையாட்டில் முன்னேற நினைத்தால் முதலில் என்ன கட்டும்? பெரும்பாலான நாடுகள் ஒரு பெரிய அரங்கத்தைக் கட்டும். அதில் பார்வையாளர் தலைக்கு மேல் கூரை இருக்கும். விளையாடுபவர் தலைக்கு மேல் வானம் இருக்கும். ஐஸ்லாந்து இதைத் தலைகீழாகச் செய்தது. விளையாடுபவர் தலைக்கு மேல் கூரை போட்டது.

2000-ஆம் ஆண்டில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கெப்லாவிக் என்னும் ஊரில், முழு அளவுக் கால்பந்துத் திடலையே உள்ளடக்கிய கூடம் ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே செயற்கைப் புல்தரை. 2002-இல் தலைநகரை ஒட்டிய கோபவோகுரில் இன்னொன்று வந்தது. அதன்பின் வேறு பல ஊர்களிலும் முழு அளவிலும் அரை அளவிலும் கூடங்கள் எழுந்தன. அதோடு நிற்கவில்லை. நாட்டின் கால்பந்துச் சங்கம், ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு தந்த நிதியைக் கொண்டு, 2004 முதல் பள்ளிக்கூடங்களை ஒட்டிச் சிறு செயற்கைப் புல் திடல்களை அமைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட திடல்கள்! பெரும்பாலான குழந்தைகளுக்கு நடந்து போகும் தொலைவில் ஒரு திடல் கிடைத்தது. அதே சமயம் நாட்டின் தேசிய அரங்கில் உள்ள இருக்கைகள் பத்தாயிரத்துக்கும் குறைவு.

2016-இல் விளையாடிய அணியில் பலர், முதல் கூடங்கள் திறக்கப்பட்டபோது பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களாக இருந்தவர்கள். கணக்கு புரிகிறதல்லவா? போட்ட பணம் பலன் தரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

தரைக்கு அடியிலிருந்து வரும் உதவி

ஐஸ்லாந்துக்கு இயற்கை ஒரு சலுகையும் தந்திருக்கிறது. அந்தத் தீவு, புவியோட்டின் இரண்டு பெரும் தட்டுகள் விலகிச் செல்லும் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் எரிமலைகளும் வெந்நீர் ஊற்றுகளும் அங்கே ஏராளம். 1930-இல் ரெய்க்யாவிக்கில் ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து 3 கிலோமீட்டர் தூரம் குழாய் போட்டு, ஒரு பள்ளிக்கும் சில வீடுகளுக்கும் வெப்பம் கொடுத்தார்கள். இன்று அந்நாட்டின் பத்து வீடுகளில் ஒன்பது புவிவெப்ப நீரால்தான் கதகதப்பாக இருக்கின்றன.

வீட்டுக்குள் சுமார் 75 டிகிரியில் நுழையும் நீர், வேலை முடிந்து சுமார் 35 டிகிரியில் வெளியேறுகிறது. அந்த 40 டிகிரி வீழ்ச்சியில் ஒரு லிட்டர் நீர் கொடுக்கும் வெப்பம் 168 கிலோஜூல். மிச்சமுள்ள 35 டிகிரி நீரையும் அவர்கள் வீணாக்குவதில்லை. நடைபாதைகளுக்கு அடியில் ஓடவிட்டுப் பனியை உருக்குகிறார்கள். சில விளையாட்டுத் திடல்களுக்கு அடியிலும் அப்படியே. ஊர்தோறும் திறந்தவெளி வெந்நீர் நீச்சல் குளங்கள் இருப்பதும் இதனால்தான். நீச்சல் அங்கே பள்ளியில் கட்டாயப் பாடம். கடலை நம்பி வாழும் மீனவர் நாடு அது என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

எரிபொருளை இறக்குமதி செய்து குளத்தைச் சூடேற்ற வேண்டியிருந்தால், இத்தனை குளங்களை ஒரு சிறிய நாடு தாங்குமா? தாங்காது. ஒவ்வொரு நாடும் தன்னிடம் மலிவாக இருப்பதைக் கொண்டு விளையாட்டை அமைக்க வேண்டும் என்பது இதிலுள்ள பாடம்.

ஆள்-மணி என்னும் அலகு

இப்போது நம் அலகுக்கு வருவோம். மின்சாரத்தை 'கிலோவாட்-மணி' என்று அளக்கிறோம். அதேபோல் விளையாட்டை 'ஆள்-மணி' என்று அளக்கலாம். ஒருவர் ஒரு மணி நேரம் விளையாடினால் ஓர் ஆள்-மணி. இருபது பேர் இரண்டு மணி நேரம் விளையாடினால் நாற்பது ஆள்-மணி.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக் கொள்வோம். எண்களும் கற்பனையே, கணக்கின் முறைதான் முக்கியம். ஊரில் 60 கோடி ரூபாய் இருக்கிறது. முதல் திட்டம்: 20,000 இருக்கை கொண்ட அரங்கம். அது 30 ஆண்டுகள் உழைக்கும் என்றால், ஆண்டுக்குத் தேய்மானம் 2 கோடி. பராமரிப்பு 1 கோடி. மொத்தம் ஆண்டுக்கு 3 கோடி. ஆண்டுக்கு இருபது போட்டிகள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். விளையாடுபவர் 22 பேர். பெருக்கினால் 880 ஆள்-மணி. 3 கோடியை 880-ஆல் வகுத்துப் பாருங்கள். ஓர் ஆள்-மணியின் விலை ஏறக்குறைய 34,000 ரூபாய்!

இரண்டாம் திட்டம்: 15 கோடி வீதம் நான்கு கூடங்கள். தேய்மானம் அதே 2 கோடி. விளக்கு, பராமரிப்பு, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து 4 கோடி. மொத்தம் 6 கோடி. முதல் திட்டத்தைவிட இரு மடங்கு. ஆனால் ஒவ்வொரு கூடமும் ஆண்டுக்கு 300 நாள், நாளுக்குப் பத்து மணி நேரம், ஒரே சமயத்தில் அறுபது பேருக்குப் பயன்படுகிறது. 4 × 300 × 10 × 60 = 7,20,000 ஆள்-மணி. ஓர் ஆள்-மணியின் விலை ஏறக்குறைய 83 ரூபாய்.

"பார்ப்பதும் இன்பந்தானே, அதை விட்டுவிடலாமா?" என்று நீங்கள் கேட்பது நியாயம். முதல் திட்டத்தில் அரங்கம் நிறைந்தால் ஆண்டுக்கு 8 லட்சம் 'பார்க்கும் மணி' கிடைக்கும்; ஒன்றுக்கு 37 ரூபாய் ஐம்பது காசு. மலிவுதான். ஆகவே இரண்டு திட்டங்களும் இரு வேறு பொருள்களை விற்கின்றன என்று சொல்வதே சரி. ஒன்று பார்க்கும் மணியை விற்கிறது. மற்றொன்று ஆடும் மணியை விற்கிறது. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். 'இளைஞர் நலன்' என்று பெயர் எழுதிவிட்டுப் பார்க்கும் மணியை வாங்கினால், சீட்டில் எழுதிய மருந்து ஒன்று, கடையில் வாங்கிய மருந்து வேறொன்று என்று ஆகிவிடும்.

இந்தக் கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதே நான்கு கூடங்களும் நாளுக்கு இரண்டு மணி நேரமே திறந்திருந்தால்? நடத்தும் செலவு 2 கோடியாகக் குறையலாம். தேய்மானம் குறையாது. 4 கோடியை 1,44,000 ஆள்-மணியால் வகுத்தால் 278 ரூபாய். விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது! கட்டடத்தின் செலவு நிலைச் செலவு. பூட்டி வைத்தாலும் அது ஓடிக் கொண்டே இருக்கும். அதனால்தான் ஐஸ்லாந்தில் காலையில் பள்ளி உடற்பயிற்சி வகுப்பு, பிற்பகலில் கழகத்துக் குழந்தைகள், இரவில் வேலை முடிந்து வரும் பெரியவர்கள் என்று ஒரே கூடத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். பூட்டிய கூடம் போல விலை உயர்ந்த கூடம் வேறில்லை.

பணம் கொடுப்பது யார்?

கூடத்தைக் கட்டுவது பெரும்பாலும் ஊராட்சியோ நகராட்சியோதான். நடத்துவது அந்த ஊரின் விளையாட்டுக் கழகம். பெரும்பாலான கழகங்களில் கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து எனப் பல பிரிவுகள் இருக்கும். (இங்கே கைப்பந்து என்பது பந்தைக் கையால் எறிந்து வலைக்குள் கோல் போடும் ஆட்டம், வலைக்கு மேலே தட்டி ஆடும் வாலிபால் வேறு.) பெற்றோர் ஒரு கட்டணம் செலுத்துகிறார்கள். கட்டணம் இருந்தால் ஏழைக் குழந்தை விடுபட்டுப் போகுமே?

அதற்கு ரெய்க்யாவிக் நகராட்சி 2007-இல் ஒரு வழி கண்டது. 6 முதல் 18 வயது வரை உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு மானியத் தொகை. 2023-இல் இது 75,000 குரோனா ஆக்கப்பட்டது. தொகை பெற்றோர் கைக்குப் போவதில்லை. குழந்தை சேரும் கழகத்துக்கோ இசைப் பள்ளிக்கோ நேராகப் போகிறது. எங்கே சேர்வது என்பதைக் குழந்தையும் பெற்றோரும் தீர்மானிக்கிறார்கள். அதனால் கழகங்கள் குழந்தைகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பந்து பிடிக்காத குழந்தை வயலின் கற்றுக் கொள்ளலாம்.

இன்னொரு வருமானம் லாட்டரி. 1986-இல் தொடங்கிய தேசிய லாட்டரி நிறுவனத்தின் உரிமையாளர்களே விளையாட்டு அமைப்புகளும் மாற்றுத்திறனாளிகள் அமைப்பும்தான். இலாபத்தில் 60 விழுக்காடு விளையாட்டு, இளைஞர் அமைப்புகள் இரண்டுக்கும், 40 விழுக்காடு மாற்றுத்திறனாளிகள் அமைப்புக்கும் போகிறது. நல்ல காரியம்தான். ஆனாலும் லாட்டரிச் சீட்டை வாங்குபவர் யார் என்ற கேள்வி எழும். ஏழை நம்பிக்கையோடு தரும் பணத்தில் எல்லோருடைய பிள்ளைகளும் விளையாடலாமா? பொருளாதாரம் படிக்கப் போகும் மாணவர்கள் இதைப் பற்றி விவாதித்துப் பார்க்கலாம்.

கணக்கேட்டில் ஏறாத ஒரு பங்களிப்பும் உண்டு. போட்டி நாளில் பலகாரம் விற்பது, வண்டி ஓட்டிக் குழந்தைகளை அழைத்துச் செல்வது, சீருடை துவைப்பது என்று பெற்றோர்கள் கூலியின்றிச் செய்யும் வேலை. இதற்கு ரசீது கிடையாது. ஆனால் இது நின்றுபோனால் கழகத்தின் செலவு எவ்வளவு ஏறும் என்று நினைத்துப் பாருங்கள்.

கூரையை விட முக்கியமானவர்

கூடத்தைக் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? ஆய்வுக்கூடம் இருந்தும் ஆசிரியர் இல்லாவிட்டால் என்ன பயன் என்பது உங்களுக்குத் தெரியும். ஐஸ்லாந்து பயிற்சியாளர்களுக்கும் பணம் செலவிட்டது. ஐரோப்பியக் கூட்டமைப்பின் 'பி' நிலை உரிமம் பெற்ற பயிற்சியாளர்கள் 2015 வாக்கில் ஏறக்குறைய 800 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் அங்கே இருந்தார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கும் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் ஒருவரே கற்றுத் தருகிறார். மற்ற நாடுகளில் இத்தகையவர்கள் பெரிய கழகங்களின் தேர்ந்தெடுத்த சிறுவர்களுக்கே கிடைப்பார்கள்.

இந்தப் பயிற்சியாளர்களில் பலர் பகுதி நேரத்தினர். 2018 உலகக் கோப்பை அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஹெய்மிர் ஹால்கிரிம்ஸன் பல் மருத்துவர். அர்ஜென்டினாவுடன் 1-1 என்று சமன் செய்த ஆட்டத்தில் மெஸ்ஸியின் தண்டனை உதையைத் தடுத்த வாயில்காப்பாளர் ஹான்னஸ் ஹால்டோர்ஸன் திரைப்பட இயக்குநர். சிறிய நாட்டில் ஒருவர் இரண்டு வேலை பார்ப்பது வியப்பில்லை.

பரிசுப் பணத்தை நம்பலாமா?

2016 ஐரோப்பியப் போட்டியில் ஐஸ்லாந்து பெற்ற பரிசைக் கூட்டிப் பார்ப்போம். பங்கேற்க 80 லட்சம் யூரோ. முதல் சுற்றில் ஒரு வெற்றிக்கு 10 லட்சம், இரண்டு சமனுக்கு ஐந்து ஐந்து லட்சம். அடுத்த சுற்றில் நுழைய 15 லட்சம். கால் இறுதிக்கு 25 லட்சம். மொத்தம் 1 கோடியே 40 லட்சம் யூரோ. அதில் ஒரு பகுதி ஊர்க் கழகங்களுக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

பெரிய தொகைதான். ஆனால் நாட்டின் தலைக்கு வகுத்தால் ஒருவருக்கு 42 யூரோ. அதுவும் ஒரே ஒரு முறை. ஐஸ்லாந்தின் ஆடவர் அணி 2020, 2024 ஐரோப்பியப் போட்டிகளுக்கும் 2022, 2026 உலகக் கோப்பைகளுக்கும் தகுதி பெறவில்லை. பரிசை நம்பிக் கூடம் கட்டியிருந்தால் கடன்தான் மிஞ்சியிருக்கும். மகளிர் அணியோ 2009 முதல் 2025 வரை ஐந்து ஐரோப்பியப் போட்டிகளுக்கும் தொடர்ந்து தகுதி பெற்றது. அதே கூடம், அதே பயிற்சியாளர், அதே செலவு. சிறுமிகளுக்கும் சம நேரம் ஒதுக்கினால் கூடத்தின் பயன் இரட்டிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வங்கிகள் விழுந்த வாரம்

2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஐஸ்லாந்து கைப்பந்து அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. நாடே கொண்டாடியது. ஆறு வாரங்கள் சென்றன. அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் வீழ்ந்தன. குரோனாவின் மதிப்பு சரிந்தது. பலர் வேலை இழந்தார்கள். வீட்டுக் கடன் கழுத்தை நெரித்தது.

அப்போது கூடங்கள் என்ன ஆயின? நின்று கொண்டிருந்தன. பொருளாதாரத்தில் 'இருப்பு' என்றும் 'ஓட்டம்' என்றும் இரண்டைப் பிரிப்பார்கள். தொட்டியில் உள்ள நீர் இருப்பு. குழாயில் வரும் நீர் ஓட்டம். பண ஓட்டம் குறைந்தாலும், முன்பே கட்டிய கூடமும் முன்பே பயிற்சி பெற்ற ஆசிரியரும் இருப்பாக எஞ்சினார்கள். வேலை இழந்த வீட்டுக் குழந்தைக்கும் மாலையில் போவதற்கு வெளிச்சமுள்ள ஓர் இடம் இருந்தது.

மீதிப் பேரின் கணக்கு

இனி, அணியில் இடம் கிடைக்காதவர்களிடம் வருவோம். ஆயிரம் குழந்தைகள் விளையாடினால் நாட்டுக்காக ஆடப் போவது ஓரிருவர். மற்றவர்களுக்குச் செய்த செலவு வீணா?

1990-களில் ஐஸ்லாந்து இளைஞர்கள் ஐரோப்பாவிலேயே அதிகமாகக் குடிப்பவர்களின் வரிசையில் இருந்தார்கள். 1998-இல் 15, 16 வயது மாணவர்களிடம் கேட்டபோது, கடந்த ஒரு மாதத்தில் குடித்து வெறித்ததாகச் சொன்னவர்கள் 42 விழுக்காடு. தினமும் புகை பிடித்தவர்கள் 23 விழுக்காடு. 2016-இல் இந்த எண்கள் 5 விழுக்காடாகவும் 3 விழுக்காடாகவும் குறைந்துவிட்டன. வாரத்துக்கு நான்கு நாளாவது கழகத்தில் விளையாடியவர்கள் 1997-இல் 24 விழுக்காடு; 2012-இல் 42 விழுக்காடு.

ஓர் எச்சரிக்கை. ஒன்று ஏறியது, மற்றொன்று இறங்கியது என்பதாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. இது அறிவியலின் முதல் பாடங்களில் ஒன்று. ஐஸ்லாந்து வேறு பலவற்றையும் அதே காலத்தில் செய்தது. மது, புகையிலை விளம்பரங்களைத் தடை செய்தது. இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மது விற்கத் தடை. குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதினர் இரவு பத்து மணிக்கு மேல் தனியே வெளியில் திரியக் கூடாது என்ற விதி. பெற்றோர் கூட்டங்கள். ஆண்டுதோறும் மாணவர்களிடம் கணக்கெடுப்பு. இவை எல்லாம் சேர்ந்து தந்த பலன் அது. கூடம் மட்டும் செய்த மாயம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் 'தெருவில் நிற்காதே' என்று சொல்லும் ஊர், 'இங்கே வா' என்று காட்ட ஓர் இடம் வைத்திருக்க வேண்டுமல்லவா? அந்த இடத்தின் விலையைத்தான் நாம் கணக்கிட்டுக் கொண்டிருக்கிறோம்.

இதற்கு எதிரான படம் கனடாவின் மான்ட்ரியால் நகரம். 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பெரும் அரங்கின் கடனை அடைக்க அங்கே புகையிலைமீது வரி போட்டார்கள். கடன் தீர்ந்தது 2006-இல்; முப்பது ஆண்டுகள்! விளையாட்டு அரங்குக்காகப் புகைப்பவர் பணம் கட்டிய வேடிக்கையை என்னவென்று சொல்வது?

ஐஸ்லாந்திலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. ஹ்வெராகெர்தி என்னும் ஊரில், உள்ளே காற்றடைத்து நிறுத்திய துணிக் கூடம் ஒன்று இருந்தது. கட்டுமானச் செலவு குறைவு என்பதே இத்தகைய கூடங்களின் கவர்ச்சி. வெளிக்காற்றைவிடச் சில நூறு பாஸ்கல் கூடுதல் அழுத்தம்தான் அவற்றைத் தாங்கி நிற்கிறது. முன்பு போட்ட கணக்கை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள்: 20 மீட்டர் வேகக் காற்றுக்கு 250 பாஸ்கல். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு, 1,000 பாஸ்கல். 2022 பிப்ரவரியில் வந்த புயல் அந்தக் கூடத்தைக் கிழித்து வீசியது. மலிவாகக் கட்டியது மலிவாகவே முடியும் என்று சொல்ல முடியாது. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும்.

நீங்கள் செய்து பார்க்க

மாணவ நண்பர்களே, இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் போதும். உங்கள் பள்ளி மைதானத்தை ஒரு வாரம் கவனியுங்கள். நாள்தோறும் எந்த எந்த மணியில் எத்தனை பேர் உண்மையாக விளையாடுகிறார்கள் என்று குறியுங்கள். நிற்பவரையும் பார்ப்பவரையும் எண்ண வேண்டாம். வார முடிவில் பெருக்கிக் கூட்டினால் உங்கள் மைதானத்தின் ஆள்-மணி கிடைக்கும். அதைப் பள்ளியின் மாணவர் தொகையால் வகுத்தால், ஒருவர் பங்குக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் என்பது தெரியும்.

பிறகு மாணவர், மாணவியர் என்று தனித்தனியாக வகுத்துப் பாருங்கள். அணியில் இருப்பவர், இல்லாதவர் என்றும் வகுத்துப் பாருங்கள். மைதானம் பூட்டியிருக்கும் மணிகளைச் சிவப்பு மையில் குறியுங்கள். மழை, வெயில், வெளிச்சம், பந்து, ஆசிரியர் ஆகியவற்றில் எது இல்லாததால் அந்த மணிகள் வீணாயின என்று பக்கத்தில் எழுதுங்கள். புதிதாக எதையும் கட்டாமலே, கதவைத் திறப்பதாலோ ஒரு விளக்குப் போடுவதாலோ எத்தனை ஆள்-மணி கூடும் என்று மதிப்பிடுங்கள்.

அந்தத் தாளை உங்கள் தலைமையாசிரியரிடமோ ஊராட்சி மன்றத் தலைவரிடமோ கொண்டு போய்க் காட்டலாம். 'எங்களுக்கு விளையாட வசதி போதவில்லை' என்று சொன்னால் அது ஒரு முறையீடு. 'ஒருவருக்கு வாரம் இத்தனை நிமிடம். மாலையில் ஒரு மணி நேரம் கூடத் திறந்தால் இத்தனை நிமிடம்' என்று சொன்னால் அது கணக்கு. அலகோடு வரும் எண்ணை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.